பத்தாவது செட்டுக்கு எவ்வளவு எடை?

மாலை ஆறரை மணிக்கு எங்கள் ஜிம்மில் ஸ்குவாட் ராக் (ராடைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுகிற பயிற்சிக்கான கம்பிச் சட்டம்) கிடைப்பது, அதே நேரத்துத் தாம்பரம் ரயிலில் உட்கார இடம் கிடைப்பது மாதிரி. கிடைத்துவிட்டால் அடுத்த கேள்வி: ராடில் எவ்வளவு மாட்டுவது? ஒரு தடவை உட்கார்ந்து எழுந்தால் ஒரு ரெப். ஓய்வில்லாமல் அடுத்தடுத்துச் செய்யும் ரெப்புகள் சேர்ந்தது ஒரு செட். மூன்று செட் அடித்துவிட்டுக் கிளம்புகிறவருக்கு எடை பெரிய விஷயம் இல்லை. கொஞ்சம் கூடக் குறைய மாட்டினாலும் மூன்றாவது செட்டோடு கதை முடிந்துவிடும். ஐந்து, எட்டு, பத்து என்று செட்டுகளை அடுக்குகிறவர்களுக்குத்தான் தலைவலி. முதல் செட்டில் ஆசைப்பட்டு ஏற்றிய 5 கிலோவுக்கு ஏழாவது செட்டில் வட்டி கட்ட வேண்டும். அதுவும் மீட்டர் வட்டி.

மாஸ்டரிடம் கேட்டேன். "உங்களால எவ்ளோ முடியுதோ அவ்ளோ போடுங்க சார்" என்றார். தப்பான பதில் என்று சொல்ல முடியாது. எத்தனையாவது செட் வரை முடிய வேண்டும் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

கடந்த ஒன்றரை வருடத்தில் மூன்று வழிகளை மாற்றி மாற்றிச் செய்து பார்த்திருக்கிறேன். அறுபது சதவீத எடையில் பத்து செட். அதைவிடக் குறைந்த எடையில் ஐந்து செட். எழுபது சதவீதத்தில், ரெப்பைக் குறைத்து ஆறு செட். மூன்றையும் 'ஹை வால்யூம்' (மொத்த வேலை அதிகம்) என்றுதான் சொல்கிறார்கள், ஆனால் உடம்பு மூன்றையும் மூன்று விதமாகத்தான் எடுத்துக்கொள்கிறது. இங்கே சதவீதம் என்பது, ஒரே ஒரு தடவை முழுசாகத் தூக்கக்கூடிய உச்ச எடையில் எத்தனை பங்கு என்பது. கணக்கு எளிதாக இருக்க அந்த உச்சத்தை 100 கிலோ என்று வைத்துக்கொள்கிறேன். என் ஸ்குவாட்டும் ஏறக்குறைய அங்கேதான் நிற்கிறது.

60 கிலோ, பத்து செட், பத்து ரெப்

இதற்கு ஜெர்மன் வால்யூம் டிரெய்னிங் என்று பெயர். கனடாக்காரரான சார்ல்ஸ் பாலிக்வின் என்ற பயிற்சியாளர் 1990களில் பிரபலமாக்கியது. 1970களில் ஜெர்மன் பளுதூக்கும் வீரர்களுக்குப் பயிற்சி கொடுத்த ரோல்ஃப் ஃபெசர், போட்டி இல்லாத மாதங்களில் தசையைக் கூட்ட இதைப் பயன்படுத்தினார் என்று பாலிக்வின் எழுதினார். விதி எளிது. இருபது ரெப் வரக்கூடிய எடையை எடு. பத்தோடு நிறுத்து. ஒன்று, ஒன்றரை நிமிடம் ஓய்வு, மறுபடி பத்து. பத்து செட்டிலும் பத்து வந்தால் 4 அல்லது 5 சதவீதம் ஏற்று. வராதவரை எடையில் கை வைக்காதே.

பெருக்கிப் பாருங்கள்: 60 கிலோ, நூறு தடவை, 6,000 கிலோ. ஐம்பது கிலோ சிமென்ட் மூட்டையில் 120 மூட்டை. ஒரே நாளில், ஒரே பயிற்சியில்.

முதல் நாள் ராடில் 60 ஏறியதைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது. பக்கத்தில் மீசை சரியாக முளைக்காத ஒரு கல்லூரிப் பையன் 90 வைத்துக்கொண்டிருந்தான். சரி, 70 போடுவோம் என்று போட்டேன். மூன்று செட் சுலபமாகப் போனது. நான்காவதில் ஒன்பது வந்தது. ஐந்தாவதில் ஏழு. ஆறாவது செட்டின் ஐந்தாவது ரெப்பில் கீழே போனவன் எழுந்திருக்கவில்லை. ராடு சேஃப்டி கம்பியில் விழுந்த சத்தத்துக்கு ஜிம்மே திரும்பிப் பார்த்தது. முதலில் ஓடி வந்து தூக்கியது அந்தப் பையன்தான்.

அடுத்த வாரம் ஒழுங்காக 60. முதல் நான்கு செட் வார்ம்-அப் போலவே இருந்தது. 'இதுக்குப் போய் இவ்வளவு பில்டப்பா' என்று நினைக்கும்போது ஐந்தாவதில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஏழாவதில் தொடை நடுங்கியது. ஒன்பதாவதில் வீட்டில் ஏதாவது அவசர வேலை இருக்கிறதா என்று மனசு தேடியது. கடைசிக் கணக்கு: நூறுக்கு 96. அந்த 96தான் எடை சரி என்பதற்கு அடையாளம். நூறும் சிரமமில்லாமல் வந்திருந்தால் எடை குறைவு. எண்பதுக்குக் கீழே போயிருந்தால் அதிகம்.

அடுத்த இரண்டு நாள் வலியைப் பற்றி, வீட்டில் இந்தியன் டைப் கழிப்பறை வைத்திருப்பவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவு பாடுபட்டதற்குப் பலன் உண்டா? சிட்னியில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2017இல் வெளியான அந்த ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் பெயர் அமிர்தலிங்கம். பார்த்ததும் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். 19 ஆண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு முக்கியமான பயிற்சிகளில் பத்து செட், இன்னொரு குழுவுக்கு ஐந்து செட் என்று ஆறு வாரம் செய்ய வைத்தார்கள். பத்து செட்காரர்களுக்குக் கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை. பெஞ்ச் பிரஸ் பலத்தில் ஐந்து செட்காரர்கள்தான் முன்னால் இருந்தார்கள். ஒரு பயிற்சிக்கு நான்கிலிருந்து ஆறு செட் போதும் என்று கட்டுரை முடிகிறது. சின்ன ஆய்வுதான், ஆறு வாரம்தான். ஆனாலும் 120 மூட்டையில் பாதியை இறக்கி வைக்க எனக்கு அது போதுமான காரணமாக இருந்தது.

ராக் விஷயம் வேறு. நிதானமாகச் செய்தால் ஒரு செட்டுக்கு ஒரு நிமிடம், ஓய்வு ஒன்றரை நிமிடம். பத்து செட்டுக்கு 25 நிமிடம் ராக் உங்களிடமே இருக்கும். "அண்ணா, எத்தனை செட் பாக்கி?" என்று கேட்கிறவரிடம் "ஆறு" என்று சொல்லிப் பாருங்கள். அந்த முகத்தை எதிர்கொள்ளவே தனிப் பலம் வேண்டும்.

45லிருந்து 55 கிலோ, ஐந்து செட், பத்து ரெப்

ஜிம் வென்ட்லர் என்ற அமெரிக்கப் பவர்லிஃப்டிங் வீரர் தன் 5/3/1 திட்டத்தில் சேர்த்த வழி இது. முதலில் உங்கள் உச்சத்தில் 90 சதவீதத்தை எடுத்து, அதையே உச்சம் என்று எழுதிக்கொள்ள வேண்டும். 100 என்றால் 90. அந்த 90இல் 50 முதல் 60 சதவீதம், அதாவது 45லிருந்து 54 கிலோ. நம் ஊர் பிளேட்டுக்கு 55 என்று வைத்துக்கொள்ளலாம். ஐம்பது ரெப்புக்கு 2,750 கிலோ.

முதலில் பார்த்தபோது இது ஏமாற்று வேலை என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்தப் பத்து சதவீதக் கழிவு இருக்கிறதே, அதில்தான் அனுபவம் பேசுகிறது. என்னுடைய 100 கிலோ எப்போது வந்தது? ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எட்டு மணி நேரத் தூக்கத்துக்குப் பிறகு, முந்தின இரவு பிரியாணி. புதன்கிழமை சாயங்காலம், மூன்று மீட்டிங் முடித்து, போக்குவரத்தில் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டு வருகிற ஆளுக்கு அந்த 100 கிடையாது. ஞாயிற்றுக்கிழமை உடம்பை வைத்துப் புதன்கிழமைக்கு எடை முடிவு செய்தால் இடிக்கத்தான் செய்யும். சித்திரை வெயிலில், இரண்டு மின்விசிறி மட்டும் சுற்றுகிற ஜிம்மில் இன்னும் கொஞ்சம் கழித்துக்கொள்ள வேண்டும் என்பது என் சொந்தச் சேர்க்கை.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. வென்ட்லரின் திட்டத்தில் இந்த ஐந்து செட் இரண்டாவதாக வருவது. அதற்கு முன்னால் அதே பயிற்சியில் கனமான மூன்று செட்டுகள் உண்டு. அதை விட்டுவிட்டு இந்தப் பின்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு 45 கிலோவில் ஐந்து செட் அடித்தால் வியர்வை வரும், அவ்வளவுதான். நானே இரண்டு மாதம் அப்படித்தான் வீணாக்கினேன். கனமான செட் இல்லாமல் இதை மட்டும் செய்வதாக இருந்தால் 60 அல்லது 62.5 வரை போக வேண்டும், ஓய்வையும் இரண்டு நிமிடமாக்கிக்கொள்ளலாம். சுருக்கமாகச் சொன்னால், ஜெர்மன் முறையின் எடை, அமிர்தலிங்கம் குழுவின் செட் எண்ணிக்கை.

70 கிலோ, ஆறு செட், ஆறு ரெப்

36 ரெப், 2,520 கிலோ. மேலே சொன்ன 2,750க்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. தாளில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. ஆனால் 55 கிலோவில் பத்தாவது ரெப்பில் உங்களை நிறுத்துவது மூச்சு. 70 கிலோவில் ஆறாவது ரெப்பில் நிறுத்துவது கால். நெஞ்சு பட்டறைத் துருத்தி மாதிரி அடிக்கும்போது முதுகை நேராக வைத்துக்கொள்வது கஷ்டம். ஆறு ரெப்பில் அந்தப் பிரச்சினை பாதி குறைந்துவிடுகிறது. ஓய்வு மட்டும் இரண்டரை, மூன்று நிமிடம் வேண்டும். ஆக ராக்கை ஆக்கிரமிக்கும் நேரத்தில் லாபமில்லை.

சோவியத் காலத்தில் பிரிலெபின் என்பவர் பளுதூக்கும் வீரர்களின் பயிற்சிக் குறிப்புகளை வைத்து ஒரு அட்டவணை போட்டார். 70 முதல் 80 சதவீத எடைக்கு ஒரு செட்டில் 3லிருந்து 6 ரெப், மொத்தம் 12லிருந்து 24, உகந்தது 18 என்கிறது அது. என் 36 அதைத் தாண்டி ஓடுகிறது. ஆனால் அவர் கணக்குப் போட்டது ஸ்நாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க் என்ற இரண்டு வேகமான தூக்கலுக்கு. அங்கே ராடு கொஞ்சம் மெதுவானாலே அந்த ரெப் வீண். தசைக்காக ஸ்குவாட் செய்கிறவருக்கு அவ்வளவு கண்டிப்பு தேவையில்லை. ஒரு செட்டுக்கு ஆறுக்கு மேல் போகாதே என்ற பகுதியை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். ஆசைக்கு எட்டு முயன்று பார்த்தேன், நான்காவது செட்டிலேயே குலைந்துவிட்டது.

பலமும் கூட வேண்டும் என்றால் மூன்றில் இதுதான் என் தேர்வு. பிராட் ஷோன்ஃபீல்ட் என்ற ஆய்வாளரின் குழு 2015இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி அனுபவமுள்ள ஆண்களில் ஒரு பாதியினர் 8–12 ரெப் வரும் எடையிலும், மறுபாதியினர் 25–35 ரெப் வரும் எடையிலும் எட்டு வாரம் செய்தார்கள். தசை வளர்ச்சியில் பெரிய வித்தியாசம் இல்லை. ஸ்குவாட் பலத்தில் கனமான எடைக்காரர்கள் தெளிவாக முந்தினார்கள். இதை வைத்து 'அப்படியானால் 30 கிலோவே போதுமே' என்று கேட்பவர்கள் உண்டு. தசைக்குப் போதும்தான், ஒவ்வொரு செட்டையும் இனி முடியாது என்கிற இடம் வரை கொண்டுபோனால். ஸ்குவாட்டில் முப்பதாவது ரெப் எப்படி இருக்கும் என்று ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

சதவீதம் எங்கிருந்து வந்தது?

மூன்று வழிக்கும் அடியில் இருப்பது அந்த 100. அதைக் கண்டுபிடிக்க உண்மையிலேயே ஒரு தடவை தூக்கிப் பார்க்கலாம். பக்கத்தில் சப்போர்ட் கொடுக்கத் தெரிந்த ஆள் இல்லாவிட்டால் வேண்டாம். எப்லி சூத்திரம் வழியே கணக்குப் போடலாம்: ரெப் எண்ணிக்கையை 30ஆல் வகுத்து, ஒன்றைக் கூட்டி, எடையால் பெருக்க வேண்டும். 80 கிலோவில் எட்டு ரெப் வந்தால் உச்சம் சுமார் 101. இதே சூத்திரத்தில் 60 கிலோவில் இருபது ரெப் போட்டுப் பார்த்தால் மிகச் சரியாக 100 வருகிறது. 'இருபது ரெப் வரும் எடை', 'அறுபது சதவீதம்' என்ற இரண்டு விதிகளும் ஒன்றே என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சூத்திரம் எல்லாப் பயிற்சிக்கும் பொருந்தாது. 1990இல் வெளியான ஹோகர் குழுவின் ஆய்வில், பயிற்சி இல்லாத ஆண்கள் அறுபது சதவீத எடையில் லெக் பிரஸ்ஸில் (காலால் எடையைத் தள்ளுவது) முப்பதுக்கு மேல் அடித்தார்கள், பெஞ்சில் இருபது போல, லெக் கர்லில் (எடையோடு முழங்காலை மடக்குவது) பதினொன்று போல. ஒரே சதவீதம்தான். லெக் கர்லில் அறுபது சதவீதத்தில் 10×10 எழுதிக் கொடுத்தால் இரண்டாவது செட்டிலேயே படுத்துவிடுவீர்கள். லெக் பிரஸ்ஸில் அதே எடையை வைத்து போன் பார்த்துக்கொண்டே முடித்துவிடலாம்.

அதனால் இப்போது சதவீதத்தைத் தொடங்கும் இடமாக மட்டும் வைத்திருக்கிறேன். முடிவு செய்வது கையிருப்பு. முதல் செட் முடிந்ததும் 'இன்னும் எத்தனை வந்திருக்கும்' என்று நேர்மையாகக் கேட்டுக்கொள்கிறேன். செய்த அளவுக்கு இன்னொரு மடங்கு மிச்சம் இருக்க வேண்டும்: பத்து செய்தால் பத்து, ஆறு செய்தால் ஆறு. ஐந்து செட்டோடு நிறுத்துவதாக இருந்தால் பத்துக்கு ஏழெட்டு மிச்சம் இருந்தாலும் போதும். கடைசி செட்டில் ஒன்றிரண்டு மிச்சம். கடைசியிலும் நான்கு மிச்சம் என்று தோன்றினால் அடுத்த வாரம் ஏற்றலாம். ஆரம்பத்தில் இந்தக் கணிப்பு நிச்சயம் தப்பும். 'ரெண்டுதான் மிச்சம்' என்று நினைக்கிற இடத்தில் உண்மையில் ஐந்து இருக்கும். இரண்டு மூன்று மாதம் நோட்டில் எழுதி வந்தால் கை பழகிவிடும்.

நம் ஊர் ராடு, நம் ஊர் பிளேட்

இவ்வளவு கணக்கும் ராடு 20 கிலோ என்ற நம்பிக்கையில் நிற்கிறது. நான் போகும் இடத்தில் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும் நான்கு ராடுகளை, எடை பார்க்கும் மெஷினில் ஏறிக் கையில் பிடித்துக்கொண்டு அளந்தேன். ஒன்று 20. இரண்டு 15க்குப் பக்கம். ஒன்று 12. திங்கள்கிழமை 12இலும் வியாழக்கிழமை 20இலும் அதே பிளேட்டுகளை மாட்டிவிட்டு, 'இன்னிக்கு என்னமோ உடம்பு சரியில்ல' என்று நொந்துகொண்ட வாரங்களை நினைத்தால் சிரிப்பு வருகிறது. இப்போது 20 கிலோ ராடின் முனையில் நீல டேப் ஒட்டியிருக்கிறேன். ராடு தண்டவாளத்தில் ஓடுகிற ஸ்மித் மெஷின் பலவற்றில் எதிர் எடை கட்டியிருப்பார்கள், கேபிளில் கப்பியைப் பொறுத்து மாறும். அங்கெல்லாம் அந்த மெஷினின் எண் அந்த மெஷினுக்கு மட்டும்தான்.

அடுத்தது சின்ன பிளேட். 60 கிலோவில் 4–5 சதவீதம் ஏற்று என்றால் இரண்டரை, மூன்று கிலோ. பக்கத்துக்கு 1.25 கிலோ வேண்டும். ஜிம்மில் மிகச் சின்ன பிளேட் 2.5 என்றால், ஒரே தாவலில் 65, அதாவது எட்டு சதவீதத்துக்கும் மேல். மூன்று செட்டில் சமாளித்துவிடலாம். பத்து ரெப்பில் ஐந்து செட் என்றால் அந்தத் தாவல் கடைசி இரண்டு செட்டைச் சாப்பிட்டுவிடும். நான் ஒரு ஜோடி 1.25 வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். இந்த ஒன்றரை வருடத்தில் உடற்பயிற்சிக்காகச் செய்த செலவுகளில் மிக உருப்படியானது அதுதான், புரோட்டீன் டப்பாவையும் சேர்த்துச் சொல்கிறேன்.

டம்பெல்லில் இது இன்னும் மோசம். 12.5லிருந்து 15க்குப் போவது இருபது சதவீத ஏற்றம். அங்கே எடையைத் தொடாமல் ரெப்பைக் கூட்டுவதுதான் வழி. ஐந்து செட்டிலும் பத்து, பிறகு பன்னிரண்டு, பிறகு பதினான்கு. அதன் பிறகு 15ஐ எடுத்து எட்டிலிருந்து தொடங்கலாம்.

தரையிலிருந்து ராடைத் தூக்கும் டெட்லிஃப்டுக்கு மேலே சொன்ன பத்து ரெப் வழிகள் எதையும் நான் பயன்படுத்துவதில்லை. களைப்பில் முதுகு வளைவது அதில்தான் எனக்குச் சீக்கிரம் நடக்கிறது. 65 சதவீதத்தில் ஆறு செட், நான்கு நான்காக, அவ்வளவுதான். ஓவர்ஹெட் பிரஸ்ஸில் உச்சம் 45 என்றால் அறுபது சதவீதம் 27. மறுபடியும் அந்த 1.25தான் கைகொடுக்கும்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லியே ஆக வேண்டும். நம் பழைய தேகப்பயிற்சிக் கூடங்களில் பஸ்கி நூறு, தண்டால் நூறு என்பது சாதாரணம். ஆனால் அங்கேயும் பத்தில் தொடங்கி மாதக் கணக்கில் ஏறித்தான் நூறுக்கு வந்தார்கள். பழக்கமில்லாத உடம்பை முதல் நாளே நூறு ரெப்புக்கு விரட்டினால் தசை நார்கள் அளவுக்கு மீறி உடைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். ராப்டோமயோலிசிஸ் என்பார்கள். சிறுநீர் பால் விடாத டிகாக்‌ஷன் நிறத்தில் போனால் வலி மாத்திரை போட்டுக்கொண்டு படுக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். முதல் மூன்று மாதம் மேலே சொன்ன எதுவும் வேண்டாம், மூன்று செட் போதும்.

அதைத் தாண்டியவர் என்னிடம் கேட்டால், வேலைக்குப் போய்க்கொண்டு வாரம் மூன்று நாள் வருகிறவருக்கு 60 கிலோவில் ஐந்து செட், பத்து ரெப் என்பேன். ராடில் எடை ஏறுவதைப் பார்த்தால்தான் தூக்கம் வரும் என்கிற ரகமாக இருந்தால் 70இல் ஆறு செட். 10×10 வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். லீவு நாட்களில், நன்றாகச் சாப்பிட்டுத் தூங்க முடிகிற ஒரு நான்கைந்து வாரம் கிடைத்தால் ஒரு தடவை செய்து பாருங்கள். ஒன்பதாவது செட்டில் யார் யாரையெல்லாம் திட்டத் தோன்றுகிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

நான் இப்போது ஐந்து செட்டில் இருக்கிறேன். நேற்று 62.5. பத்து, பத்து, பத்து, பத்து, எட்டு. பக்கத்து ராக்கில் அந்தப் பையன் 100க்கு வந்துவிட்டான். "ஏத்தலையாண்ணா?" என்று கேட்டான். அடுத்த வாரமும் 62.5தான்.